மூன்று கண்ணாடிகளுக்காக ஒரு பயணம்

பாபநாசத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே தினமும் மூன்று தடவை போய் வருகிறவன் நான். ஆனால் அந்தச் சாலையில் ஒருநாளும் உட்கார்ந்து போனதில்லை. தனியார் பேருந்தில் நடத்துநர் வேலை. எந்த வளைவில் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பது என் கால்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென விழிப்பேன். ஆகவே இதைப் பழைய பாதையில் போன ஒரு புதுப் பயணியின் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்கு விக்கிரமசிங்கபுரம் நிறுத்தத்தில் நின்றோம். நாங்கள் என்றால் நானும் சங்கரலிங்கம் அண்ணாச்சியும். எங்கள் வண்டியின் ஓட்டுநர் அவர். சரியாகச் சொன்னால், ஓட்டுநராக இருந்தவர். சர்க்கரை வியாதியில் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போய்விட்டது. வலது கண்ணை மருத்துவர்கள் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் ஒரு கண்ணை நம்பி ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போக யார் விடுவார்கள்? வேலை நின்றது. அதன் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வமாகிவிட்டது. எங்கள் வண்டி அவர் தெரு முனையைக் கடக்கும்போது ஹாரன் சத்தம் கேட்டால் உள்ளே எழுந்து போய்விடுவார் என்று அவர் மனைவி, எனக்கு மதினி, என்னிடம் சொல்லியிருந்தாள்.

பொங்கலுக்கு வந்த அவர் மகள் காந்திமதி, பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றைத் தன் கைப்பேசியில் அவருக்குக் காட்டியிருக்கிறாள். கைப்பேசியை ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வளைவு வந்ததும் நாற்காலியில் உடம்பையும் சாய்த்தாராம். பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. கோயம்புத்தூர் திரும்பியவள் நாற்பத்தைந்தாயிரம் அனுப்பி, "அப்பாவுக்கு நல்ல கேமிங் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்க சித்தப்பா, ஸ்டீயரிங்கும் சேத்து" என்று என்னிடம் சொன்னாள். இதற்கு மேல் அவளிடம் பணம் இல்லை. இதுவும் மூலையில் கிடந்து தூசி படிந்தால் அண்ணாச்சி இனி எழுந்திருக்க மாட்டார் என்ற பயம் எனக்கும் மதினிக்கும் இருந்தது.

"வாரேன். ஆனா நம்ம வண்டி வேண்டாம் வே" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. எங்கள் வண்டியைப் போகவிட்டு அடுத்ததில் ஏறினோம். திருநெல்வேலிக்கு ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். பையில் இருந்து காசை எடுத்து இன்னொரு நடத்துநரிடம் நீட்டியபோது என் கை கொஞ்சம் கூசியது.

அம்பாசமுத்திரத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில் ஏறும்போதுதான் ஆற்றை முதன்முதலாக உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் மணல் திட்டு, அதில் நாணல், நாணலுக்குள் நாலு எருமைகள். இத்தனை நாளும் இந்த இடத்தில் நான் மீதிச் சில்லறை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தப் பாலத்துக்குப் பிறகு திருநெல்வேலி வரை ஆறு இடது பக்கமாகவே வரும். சில இடங்களில் தெரியும், பல இடங்களில் வாழைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் பின்னால் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அண்ணாச்சி ஆற்றைப் பார்க்கவில்லை. இடது பக்கம் பார்க்க அவர் தலையை முழுக்கத் திருப்பவேண்டும். அவருடைய நல்ல கண் முன்னால் இருந்த ஓட்டுநரின் தோளிலேயே நின்றது.

வீரவநல்லூரில் ஒரு வேகத்தடை. அது வருவதற்கு முன்பே அண்ணாச்சியின் வலது கால் தரையை அழுத்தியது. ஓட்டுநர் மிதிக்கவில்லை. எல்லோரும் ஒருமுறை எம்பி உட்கார்ந்தோம்.

"பைய வரலாம்லா" என்றார் அண்ணாச்சி, யாரிடமென்று இல்லாமல்.

பத்தமடையில் ஒரு அம்மா பாய்க்கட்டு இரண்டோடு ஏறினாள். சுமைக்கட்டணம் வாங்காமல் அந்த நடத்துநர் என்னைத் தாண்டிப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறக்கப்போனேன்.

"லீவுல இருக்கீரு, சும்மா வாரும்" என்று அண்ணாச்சி என் முழங்காலைத் தட்டினார். அந்த நடத்துநர் இரண்டு விசில் அடித்தார், வண்டி நகர்ந்தது. ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. எங்கள் உலகத்தின் சட்டப்புத்தகம் இவ்வளவுதான். என் விசிலும் பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் இருந்தது.

புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியபோது எட்டரை தாண்டிவிட்டது. டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு நகரப் பேருந்தில் வண்ணாரப்பேட்டை போனோம். காந்திமதி விசாரித்து வைத்திருந்த கடை ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. நடத்துகிறவள் பொன்செல்வி என்ற பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். மேசை முழுக்கத் திறந்து போட்ட பெட்டிகள், கையில் திருப்புளி.

"என்ன கேம் ஆடப் போறீங்க அண்ணாச்சி?"

"ஆட்டமெல்லாம் இல்லம்மா. பஸ் ஓட்டணும்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

தொகையைச் சொன்னோம். ராம் என்கிற நினைவகத்தின் விலை ஏறிக் கிடக்கிறது, போன வருஷம் வந்திருந்தால் இதே காசுக்கு நல்லதாகவே முடித்திருக்கலாம் என்று அவள் வருத்தப்பட்டாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். படம் காட்டும் வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும் பிராசஸர் எட்டாயிரத்து ஐந்நூறு, அதைப் பொருத்தும் மதர்போர்டு ஐயாயிரத்து ஐந்நூறு. பதினாறு ஜிபி ராம் ஏழாயிரம், சேமிப்புக்கு எஸ்எஸ்டி மூவாயிரத்து ஐந்நூறு, மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை இரண்டாயிரத்து ஐந்நூறு. கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் வைத்த கேபினெட் நாலாயிரம், இருபத்துநாலு அங்குல மானிட்டர் எட்டாயிரம். ஸ்டீயரிங்கும் கால்மிதிகளும் ஒருவர் வைத்திருந்து விற்றது, ஆறாயிரம். கூட்டினால் நாற்பத்தைந்து. கல்யாணச் சீர் மாதிரி எல்லாம் பளபளவென்று இருந்தது. காரியம் முடிந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊருக்கே போய்விடலாம் என்று நினைத்தேன்.

அதே மாதிரியான பிராசஸர் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று கடையில் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு தடவ ஓட்டிப் பாத்துருங்க" என்று பொன்செல்வி அதில் ஸ்டீயரிங்கை மாட்டி விளையாட்டைப் போட்டாள். முதலில் படம் விக்கி விக்கி வந்தது. அவள் எதையோ தட்டினாள், சரளமாகிவிட்டது. திரையில் பேருந்தின் முன்கண்ணாடி, அதற்கு அப்பால் ஏதோ வெளிநாட்டுச் சாலை. அண்ணாச்சி உட்கார்ந்தார். கைகள் தாமாகவே ஸ்டீயரிங்கில் போய் அமர்ந்தன. எத்தனை மாதம் ஆயிற்று அந்தக் கைகளை அப்படிப் பார்த்து.

அவர் தலையை இடது பக்கம் முழுக்கத் திருப்பினார். வலது பக்கம் பார்த்தார். மேலே பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பின்னால பாக்குத கண்ணாடி மூணும் கறுப்பா இருக்கே?"

"அத நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன் அண்ணாச்சி. ரோட்ட ஒரு தடவ வரையுத மாதிரி, கண்ணாடிக்குள்ள தெரியுறதையும் கம்ப்யூட்டர் தனித்தனியா வரையணும். மூணுக்கும் வரைஞ்சா இதுக்கு மூச்சு வாங்கும். கண்ணாடி இல்லன்னா நல்லா ஓடும். நெறைய பேரு அப்படித்தான் ஆடுதாங்க."

"ஏறுதவன் ஏறிட்டானா, எறங்குதவன் எறங்கிட்டானான்னு பாக்காம எப்படிம்மா வண்டிய எடுக்க?"

"அது நெசத்துல உள்ள ஆளு இல்லல்லா" என்றேன் நான், புத்திசாலி மாதிரி.

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை நிறுத்திக்கொண்டேன். "எனக்கு இருக்கது ஒரு கண்ணு. மிச்சம் அந்தக் கண்ணாடிதான் வே" என்று எழுந்தார். "வேண்டாம். பிள்ளைக்குக் காசத் திருப்பி அனுப்பிருவோம்."

படியில் இறங்கப்போனவரை பொன்செல்வி நிறுத்தினாள். "ஒரு நிமிஷம் உக்காருங்க. கண்ணாடி வேணும்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி போட்டிருப்பேன். இப்பக் கலைச்சுப் போட்டு அடுக்குவோம்."

அவளிடம் ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது, படம் வரைவதற்கென்றே உள்ள பாகம். கல்யாண வீடியோ வேலை செய்கிறவர் பெரிதாக ஒன்று மாற்றிக்கொண்டு, பழையதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பத்தாயிரத்து ஐந்நூறு, மூன்று மாதம் கடையின் பொறுப்பு. அதை மாட்டினால் மூன்று கண்ணாடியும் தெரியும், ஆனால் பவர் சப்ளைக்கும் ஆயிரம் கூடும். பதினொன்றரை ஆயிரத்துக்கு எங்கே போவது? "ஸ்டீயரிங்க மட்டும் தொடாதீங்க" என்றார் அண்ணாச்சி. விளக்கு வைத்த கேபினெட் முதலில் போயிற்று. தகரப்பெட்டி மாதிரி ஒன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு வந்து உட்கார்ந்தது. ராமைப் பாதியாக்கினால் மூவாயிரம் மிச்சம், "பொறவு ஒண்ணு சேத்துக்கலாம், எடம் இருக்கு" என்றாள். அப்படியும் போதவில்லை.

"வீட்டுல டிவி இருக்கா? அதுலயே மாட்டலாம். மானிட்டரே வேண்டாம்" என்றாள்.

அண்ணாச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டிவி மதினியின் ராஜ்ஜியம். நான்தான் போன் போட்டேன்.

மதினி எல்லாவற்றையும் கேட்டாள். "ஏழர மணியிலேர்ந்து ஒம்பது வரைக்கும் எனக்கு நாடகம் இருக்கு. மத்த நேரம் என்னமும் ஓட்டிக்கிடட்டும். ஏழர ஆச்சுன்னா ஒரு நிமிஷம் தரமாட்டேன்னு சொல்லிருங்க தம்பி."

"நம்ம வண்டிக்குப் பர்மிட் டைம் குடுத்துட்டாங்க" என்றேன். அன்றைக்கு முதல்முறையாக அண்ணாச்சி சிரித்தார்.

பொன்செல்வி எங்கள் கண்முன்னாலேயே எல்லாவற்றையும் பூட்டி, கார்டு சூடாகிறதா என்று நெடுநேரம் ஓடவிட்டுப் பார்த்தாள். வலது பக்க ஸ்டீயரிங் உள்ள பேருந்தாகத் தேடி ஏற்றியும் கொடுத்தாள். சாப்பாடு, கேபிள், ஆட்டோ எல்லாம் போகக் கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஓட்டிப் பாருங்கள் என்று அவள் சொன்னதற்கு, "வீட்டுல போயி எடுக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

நாலு மணிக்குப் பேருந்து நிலையத்தில் பெட்டிகளோடு இறங்கினால், புறப்படத் தயாராக நிற்கிறது எங்கள் வண்டி. "அடுத்ததுல போவமா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் வண்டியை முன்னிருந்து பின்வரை ஒருமுறை பார்த்தார். "பெட்டிய வச்சிக்கிட்டு எம்புட்டு நேரம் நிக்க?" என்று ஏறிவிட்டார். புதிய ஓட்டுநர் எழுந்து நின்று, "வாங்க அண்ணாச்சி, முன்னால உக்காருங்க" என்றான். அவனுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தோம். திரும்பும்போது ஆறு வலது பக்கம், அவருடைய நல்ல கண் பக்கம். கோபாலசமுத்திரம் தாண்டியதிலிருந்து வயல்களுக்கு மேல் வெயில் சாய்ந்து கிடந்தது. சேரன்மகாதேவி வரை அவர் ஆற்றுப் பக்கமும் ஓட்டுநரின் கண்ணாடிப் பக்கமுமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே வண்டி நின்றதும் முன்னால் குனிந்து, "தம்பி, இடது கண்ணாடிய ஒரு விரல்கடை அளவு உள்ள திருப்பிக்கோங்க. பைக்குக்காரன் மறையுதான்" என்றார். அவன் இறங்கிப் போய்த் திருப்பினான். பெட்டிகளுக்குச் சுமைக்கட்டணம் கேட்ட மாற்று நடத்துநரிடம் நான் மறுபேச்சு இல்லாமல் கொடுத்தேன். முறை என்றால் முறைதான்.

ஆறரைக்கு எல்லாம் தயார். காந்திமதி படித்த மேசையில் ஸ்டீயரிங், கீழே கால்மிதி, சுவரில் டிவி. அண்ணாச்சி முகம் கழுவி, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைப் பைய முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கண்ணாடியில் நடைபாதை தெரிந்தது. வலதில் பின்னால் வரும் கார். உள் கண்ணாடியில் பொம்மை ஜனங்கள் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். இன்ஜின் உறுமியது. கதவு மூடியது. வண்டி நகரவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். அவர் கை ஸ்டீயரிங்கில், கால் கிளட்சில். அசையவே இல்லை.

"மறுபடியும் ஓடலையா? அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க தம்பி" என்றாள் மதினி. எனக்கும் பயம்தான். இவ்வளவு தூரம் வந்து இதுவும் வீணா என்று நினைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். கியர் போட்டாகிவிட்டது. அவர் கண் உள் கண்ணாடியில் இருந்தது, காது லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை அந்தத் தலை அப்படிச் சாய்ந்து நின்றதைப் பார்த்தவன் நான்.

சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு அடித்தேன். அந்தச் சின்ன அறையில் காது கிழிந்தது. தெருவில் நாய் குரைத்தது. வண்டி கிளம்பியது.

அந்த ஊர்ச் சாலை நம் சாலை மாதிரி இல்லை. ஆடு கிடையாது, குறுக்கே பாயும் பைக் கிடையாது, ஓடிவந்து தொற்றுகிற ஆளும் கிடையாது. "இந்த ரோட்டுக்கு ஒரு கண்ணே அதிகம் வே" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று கண்ணாடியையும் பார்த்து, என் விசிலுக்குக் காத்திருந்துதான் எடுத்தார். எனக்கு வாய் வலித்தது. மகிழ்ச்சியாக இருந்தது.

ஏழரை அடித்தது. மதினி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ரிமோட் மேசையில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"இது எங்கன போவுது?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கண்டக்டர்ட்டக் கேளு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திரையில் வந்த பலகையை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. பாபநாசம் என்று சொன்னேன்.