ஒளிராத முந்நூறு தாள்கள்

அப்பா தேநீரை அளவுக்கு மீறிக் கலக்குவார். “டம்ளர் ஓட்டையாகப் போகுது, விடுங்க” என்பாள் அம்மா. “அடியில தங்கிடும்” என்பார். கரண்டி நிற்காது.

முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டினார். போலி செய்ய முடியாதபடி சான்றிதழ்கள் அடிக்கும் அச்சகம். நான் வேதியியல் படித்து, போலி ஆவணங்களைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். “நான் போட்ட பூட்டுக்கு நீ காவலாக்கும்!” என்று சிரித்தார்.

ஒரு மாலை வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். “இன்னைக்கு ஒரு நர்ஸ் மாட்டினாங்கப்பா. சான்றிதழைப் புற ஊதா விளக்குல வச்சா, பச்சையா ஒளிரவேண்டிய முத்திரையே இல்ல. போலின்னு எழுதிட்டேன். வேலை போயிடும்.”

கரண்டி நின்றது.

“நம்பர் என்னம்மா?”

சொன்னேன்.

“ஓரத்து வரியை நகத்தால தடவிப் பார்த்தியா? மேடா இருக்குமே.”

“விளக்குலயே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு?”

“அது போலி இல்ல. நான் அடிச்சது.”

ஒளிரும் மைக்கு நிறம் கிடையாது. அதிலுள்ள தூள் டப்பாவின் அடியில் படிந்துவிடும். ஊற்றுமுன் நன்றாகக் கலக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன் ஒரு நாள் அப்பா கலக்கவில்லை. நூறு தாளுக்கு ஒன்றை விளக்கில் பார்க்க வேண்டும். அன்று விளக்கு பழுது. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். விளக்கு சரியானபின் கழிவுத்தாள் ஒன்றை வைத்துப் பார்த்தார். இருட்டு. அதற்குள் முந்நூறு தாள் வெளியே போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் மறக்கவில்லை.

“மாத்தி எழுதிடும்மா.”

“எப்படித் தெரியும்னு கேப்பாங்க. உங்க மானமும் போகும், என் பேரும் போகும். பேசாம இருங்கப்பா.”

மறுநாள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் கடிதம். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“உங்க அப்பாவா? என்னமோ சொல்றாரே?”

அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார்.

“வயசாயிடுச்சு சார். ஞாபகம் கொஞ்சம் சரியில்ல” என்றேன்.

அவர் மறுக்கவில்லை. கடிதத்தை மேசையில் வைத்தார். “ஓரத்தைத் தடவிப் பாருங்க சார், போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிகாரி தானே பார்த்தார். ஓர வரி மேடாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி இருந்தது. கோடு போலத் தெரியும் பொடி எழுத்துகள் உருப்பெருக்கியில் பிசகில்லாமல் இருந்தன. பத்து நிமிட வேலை. நான் செய்யாதது. திருத்த அறிக்கையில் அவரே கையெழுத்திட்டார். நர்ஸின் வேலை தப்பியது.

அப்பா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வீட்டில் ஏதாவது கேட்டால் மட்டும், “எனக்குத்தான் ஞாபகம் சரியில்லையே, உன் பொண்ணைக் கேளு” என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன். நான்கு வருடம் அப்படி ஓடியது. போன மாதம் இறந்துபோனார்.

என் பங்குத் திருத்தம் இன்னும் பாக்கி. அப்பாவின் ஞாபகத்தில் பிழை ஏதும் இல்லை. அன்று பொய் சொன்னது நான். இதை நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.