மூன்று தரம் பூக்கட்டிப் பார்த்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான். நிறைய மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மூன்று பெண் பிள்ளைகள். விடியுமுன் ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டும். வேலையை மேய்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. இதில் இன்னொன்றை எந்த இடுப்பில் வைப்பது? போதும் என்று முடிவு செய்துவிட்டேன். கிளினிக் மிசி, நர்ஸைத்தான் அப்படிச் சொல்வோம், ஒரு ஃபாரம் கொடுத்து, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரியில் கருத்தடை ஆபரேசன் செய்துவிடலாம் என்றார். பெறப்போவது நான், கையெழுத்து அவருடையது.

வீட்டுக்காரர் ஃபாரத்தைக் கொண்டுபோய்த் தன் அம்மாவிடம் கொடுத்தார். மாமியாருக்குப் பேரன் வேண்டும். அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். வெள்ளைப் பூ வந்தால் ஆபரேசன், சிவப்பு வந்தால் இன்னொரு பிள்ளை. பூசாரி இலையில் மடித்து வைத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றை என் சின்ன மகள் எடுத்தாள். வெள்ளை. இடது கையால் எடுத்தாள், செல்லாது என்றார் மாமியார். அடுத்த வெள்ளிக்கிழமை நடு மகள் எடுத்தாள். அதுவும் வெள்ளை. பிள்ளை தலைக்குக் குளிக்காமல் வந்துவிட்டதாம். மூன்றாம் வாரம் மாமியாரே எடுத்தார். சிவப்பு.

“பாத்தியா, ஆத்தா சொல்லிட்டா” என்றார்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்றைக்கு, “மொத ரெண்டு தரம் சொன்னது வேற ஆத்தாவா அத்த?” என்று கேட்டுவிட்டேன். பூசாரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, “இந்த ஒரு தடவ பாத்துருவோம்லா” என்றார்.

அவருக்கு ஒரு தடவை. எனக்குப் பத்து மாதம். வயிற்றோடு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டினேன், பால் வாளி தூக்கினேன். பிறந்தால் பார்த்துக்கொள்வீர்களா என்று மாமியாரைக் கேட்டால் அவருக்கு முட்டி வலி.

நாலாவதும் பெண். ஆஸ்பத்திரியில் மிசி மறுபடி ஃபாரத்தை நீட்டியபோது மாமியார்தான், “போட்டுக் குடுடா, போதும்” என்றார். வீட்டுக்காரரும் உடனே கையெழுத்துப் போட்டார். அதே ‘போதும்’தான் நான் ஒரு வருஷமாகச் சொன்னது.

நாலாவது மகளை ஒரு சொல் சொல்ல மாட்டேன். அவள் என்ன செய்வாள்? அந்தக் கையெழுத்தை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. அது சட்டமா, அந்தக் கிளினிக்கின் வழக்கமா என்று எனக்குத் தெரியாது. அப்போது மிசியாக இருந்த யாராவது படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள்.