வேதுப் போர்வை

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு நாங்கள் ஆரையம்பதிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். ஒரு வகுப்பறைக்குள் ஏழெட்டுக் குடும்பங்கள். ஒருவருக்குத் தடிமன் வந்தால் போதும், முழு அறையும் மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடும். மருந்து கொடுக்க வந்த டாக்டர், கடும் காய்ச்சலோ மூச்சு முட்டலோ இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள், தானாக மாறும் என்றார். அதைக் கேட்ட பிறகும் ஆட்கள் குளிசை கேட்டு அவரை நச்சரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வரும். கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டியதற்கு எதற்கு வரிசை?

என் கணவருக்கும் தடிமன் பிடித்தது. அவர் வரிசைக்கும் போகவில்லை, கொத்தமல்லியையும் தொடவில்லை. அவருடைய தம்பியைக் கடல் கொண்டுபோயிருந்தது. உடல் கிடைக்கவில்லை. உடலைக் காணாமல் யாரும் அழக்கூடாது என்று அவர்களைப் பெற்ற என் மாமி சொல்லிவிட்டார். அழுதால் அவன் செத்துவிட்டான் என்று நாமே முடிவு கட்டியதாகிவிடுமாம்.

"எங்கயோ ஒரு ஆசுபத்திரியில கிடப்பான். இப்பவே இழவு கொண்டாடாதீங்க," என்பார்.

மாமி வாசலைப் பார்த்தபடியே இருப்பார். அவர் முன்னால் கண் கலங்க எல்லோருக்கும் பயம்.

கணவர் பகலெல்லாம் தம்பியைத் தேடி அலைந்துவிட்டு வருவார். சோற்றைப் பிசைவார், வாயில் வைக்கமாட்டார். கடலில் தப்பிய மனுசனை இப்படிப் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். அழுதாலாவது ஆறும். ஆனால் எங்கே போய் அழுவது? கிணற்றடியில்கூட எந்நேரமும் ஆட்கள்.

ஒரு மத்தியானம் அவரைப் பிடித்து இருத்தி, ஆவி பிடிக்க வேது வைத்தேன். நொச்சி இலையும் தேசிக்காய் இலையும் போட்டு அவித்த பானையை, பிள்ளைகள் தட்டிவிடாதபடி மூலையில் வைத்தேன். நிவாரணத்தில் கிடைத்த தடித்த போர்வையால் அவரைத் தலையோடு மூடினேன்.

"முகத்தக் கிட்டக் கொண்டு போகாதீங்க, சுட்டுப் போடும்."

முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போர்வை குலுங்கியது. இருமுகிறார் என்றுதான் நினைத்தேன். பானை ஆறிய பிறகும் அவர் வெளியே வராததால்தான் விளங்கியது. மாமி திரும்பிப் பார்த்தார்.

"சளி நல்லா இளகுது மாமி," என்று முந்திக்கொண்டேன். பொய்தான். அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

வெளியே வந்தபோது அவர் முகம் சிவந்து, கண்ணும் மூக்கும் ஒழுகின. வேது பிடித்த எவருடைய முகமும் அப்படித்தானே இருக்கும். அன்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாளும் வேது கேட்டார். தடிமன் மாறிய பின்னும் கேட்டார். நானும் இலை பறித்து வந்தேன்.

அப்படி ஒரு நாள் அவர் எழுந்து போன பிறகு பானையைத் தூக்கப் போனேன். மாமி என் கையைப் பிடித்தார். அவருக்கு இருமலும் இல்லை, மூக்கடைப்பும் இல்லை.

"புள்ள, எனக்கும் தடிமன் போல இரிக்கி. தண்ணிய இன்னொருக்காக் கொதிக்க வை."

கொதிக்க வைத்தேன். போர்வையை நானே மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மைத்துனருடைய பெயர் கேட்டது. அறையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.