ஒரே காற்றில் இரண்டு கிளைடர்கள்

கல்வராயன் மலையில் மாடல் கிளைடர் பறக்கவிட இடம் உண்டா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உண்டு. ஜூலை மூன்றாம் ஞாயிறு நானும் அண்ணன் பாலுவும் போய்வந்தோம். இருபத்துநான்கு வருடங்களுக்கு முன் நாங்கள் செய்த இரண்டு கிளைடர்களில் எது மேல் என்ற வழக்கு எங்கள் வீட்டில் அன்றுவரை முடியவில்லை.

கள்ளக்குறிச்சியில் வாடகைக் கார் எடுத்தோம். டீசலோடு 2,800 ரூபாய். காலை 6.20க்குக் கிளம்பி, கச்சிராயபாளையத்தில் இட்லி சாப்பிட்டோம். பின் இருக்கையில் நீட்டிக்கொண்டிருந்த இறக்கைகளை ஓட்டுநர் ஏழுமலை வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாங்க அது?"

"இஞ்சின் இல்லாத ஏரோபிளேன்" என்றார் அண்ணன்.

"இஞ்சின் இல்லாம மேல போவுமா? அப்ப நான் இன்னாத்துக்குங்க டீசல் போட்டு ஏத்திக்கினு வரேன்?"

இரண்டுக்கும் இரண்டு மீட்டர் இறக்கை, ஒரே மாதிரி உடல், ஒரே பால்சா மரம். என்னுடையதன் இறக்கை நுனிகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். வால் சுக்கானால் மட்டும் திரும்பும். எடை 740 கிராம். கையை எடுத்துவிட்டாலும் தானே நேராகிக்கொள்ளும். ஆனால் எதிர்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்கும். அண்ணனுடையது அவரே வரைந்தது. தட்டை இறக்கை, குறுகிய நுனி, 910 கிராம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், சட்டென்று திரும்பும். வேகம் குறைந்தால் குறுகிய நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுமோ என்றுதான் பயம்.

அப்போது கிளைடரை ஓட்ட எங்களிடம் இருந்த இரண்டு ரேடியோ பெட்டிகளும் ஒரே அலைவரிசை. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பெட்டியை ஆன் செய்தால் பறப்பது விழுந்துவிடும். அதற்காக ஒரு துணிக்கிளிப் வைத்திருந்தோம். கிளிப் யாரிடமோ அவர்தான் ஆன் செய்யலாம். அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் பறந்ததே இல்லை. வற்றிய ஏரியில் ரப்பர் கயிற்றால் இழுத்து, மாறி மாறி ஏவுவோம். என் முறைக்குக் காற்று அடங்கிவிடும். அண்ணன் அதையே தன் வெற்றி என்பார்.

ஒரு மாலை அண்ணனின் கிளைடர் வளைந்து திரும்புகையில் புரண்டு, மூக்கு குத்தி நொறுங்கியது. நுனி குறுகலாக இருந்ததால் விழுந்தது, வரைந்தது தப்பு என்றார். அதன் பிறகு அவர் சொந்தமாக ஓர் இறக்கை வரையவில்லை. அடுத்தவர் வரைபடங்களையே செய்தார். உண்மையில் அந்த நேரத்தில், பொறுமையில்லாமல், கிளிப் இல்லாமல், புதருக்குப் பின்னால் என் பெட்டியை ஆன் செய்து சுக்கானை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நொடிகள்தான். அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. இந்த வருடம் அவருடைய பழைய வரைபடத்தை எடுத்து, ஒரு மில்லிமீட்டர் மாற்றாமல் அந்தக் கிளைடரை மறுபடி செய்தேன்.

வெள்ளிமலைக்குச் சற்று முன், மீட்டரில் 38 கி.மீ., மேற்கு பார்த்த மேய்ச்சல் சரிவில் இறங்கினோம். காற்று பதினொன்றுக்குத்தான் எழுந்தது. இன்றைய ரேடியோக்கள் ஒன்றோடொன்று குழம்பாது. ஆனாலும் அண்ணன் வீட்டுக் கொடியிலிருந்து ஒரு கிளிப் எடுத்துவந்து என் துப்பட்டாவில் மாட்டினார். "பழைய மரியாதை."

"நுனிய அகலமாக்கினியா பாப்பா?"

"இல்லண்ணா. அதே அளவு."

"அப்ப திரும்பவும் விழும் பாரு."

முதன்முறையாக இரண்டும் ஒரே காற்றில் ஏறின. என்னுடையது முதலில் உயரம் பிடித்து, தலைக்கு மேலே சோம்பலாகத் தொங்கியது. அவருடையது பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார். மூக்கு மெல்லத் தாழ்ந்தது, நுனி விழவில்லை. இன்னும் குறைத்து, வளைத்துத் திருப்பினார். அப்போதும் விழவில்லை.

"அப்ப அன்னிக்கு இன்னாத்துக்கு வுழுந்துச்சி?" என்றார் அண்ணன்.

கிளைடர் ஓட்டுகிறவர்கள் வானத்தைப் பார்த்தபடிதான் பேசுவார்கள். அது எனக்கு உதவியது.

"நான் பெட்டிய ஆன் பண்ணிட்டண்ணா. கிளிப்பு உன்கிட்ட இருந்துச்சி."

அவர் இரண்டு வட்டம் அடித்து, கிளைடரைக் காலடிப் புல்லில் இறக்கினார். என்னுடையதும் இறங்கும்வரை காத்திருந்தார்.

"இருவத்திநாலு வருசமா அந்த நுனிய மனசுக்குள்ளயே அகலமாக்கிக்கினு இருந்தேன், பாப்பா."

துப்பட்டாவிலிருந்து கிளிப்பைக் கழற்றித் தன் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டார். "இது இனிமே என்கிட்டயே இருக்கட்டும்."

போக நினைப்பவர்களுக்கு: மேய்ச்சல்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். தண்ணீரும் மதியச் சாப்பாடும் கொண்டுபோங்கள். மூன்று மணிக்குமேல் பனிமூட்டம் வந்தால் கிளைடர் கண்ணுக்குத் தெரியாது. முதல்முறை சரிவில் ஓட்டுபவர்களுக்கு என்னுடையது போன்ற வளைந்த இறக்கை நல்லது. கை பழகியவர்களுக்கு அண்ணனுடையது. வழக்கில் அவர் ஜெயித்துவிட்டார், எழுதியே தருகிறேன்.

இறங்கும் வழியில் அவர் ஏழுமலையிடம் பேனா கேட்டு வாங்கி, காலை இட்லிக்கடை பில்லின் பின்பக்கம் எதையோ வரைந்துகொண்டு வந்தார். கச்சிராயபாளையம் வந்ததும் எட்டிப் பார்த்தேன். ஓர் இறக்கை. நுனி, பழையதைவிடக் குறுகலாக இருந்தது.