மயிலை விரட்ட ஓர் ஆள்

எட்டரை மணிக்குத் திருத்தணியில் ரயிலைவிட்டு இறங்கினேன். ஆடி மாதம். மஞ்சள் வேட்டிக் கூட்டத்தில் கறுப்பு ஜீன்ஸ் போட்டவன் நான் ஒருவன்தான்.

"மலைக்கு வரலைனா வேற எங்க சார் போறீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"அம்மையார்குப்பம். ஒரு மயில விரட்டணும்."

அவர் அடுத்த சவாரியைத் தேடிப் போய்விட்டார். நான் பஸ் ஏறினேன். சுமார் இருபது கிலோமீட்டர், வழியெல்லாம் மாந்தோப்பு. ஊர் வருவதற்கு முன்பே தறிச் சத்தம் வந்துவிடும்.

அழைத்தது அக்கா. அவளும் அவள் கணவரும், எனக்குப் பாவா, நான்கு விசைத்தறி ஓட்டுகிறார்கள். போன வருஷம் எலிகள் பாவு நூலைக் கடித்துக் குதறி, கல்யாணப் புடவை ஆர்டர் ஒன்றை நாசமாக்கின. இந்த வருஷம் ஒரு சாரைப்பாம்பு வந்து தறிக் கொட்டகையில் தங்கியது. எலி போன இடம் தெரியவில்லை. பாவா அதற்கு வீட்டு மனுஷருக்குரிய மரியாதை கொடுத்தார். இப்போது அந்தப் பாம்பைத் தின்ன ஒரு மயில் தினமும் மதில்மேல் காத்திருக்கிறது. பாவா உட்படத் தெருவே ஆடிக்கிருத்திகைக்கு மாலை போட்டு விரதமிருக்க, முருகன் வாகனத்தின் மேல் யார் கை ஓங்குவது?

"நீதான் கோயில் பக்கமே போறதில்லையே. பாவம் உன்மேல ஒட்டாதுடா" என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள்.

நான் துடைப்பத்தை எடுத்தேன். பாவா பதறிப்போனார். "அதால வேணாம் மச்சான். மரியாதையா விரட்டு" என்று குடையைக் கொடுத்தார்.

உச்சி வெயிலில் பாம்பு முற்றத்துக்கு வந்தது. மயில் தொப்பென்று குதித்தது. நான் குடையை விரித்து "ஷூ" என்றேன். மயில் என்னைச் சட்டை செய்யவில்லை. பாம்போ தப்பிக்க என் கால்பக்கம் வந்தது. அடுத்த நொடி நான் கயிற்றுக்கட்டில்மேல் நின்றேன்.

மயில் பாம்பின் வாலைக் கொத்தியது. பாவா தறியில் ஓடிய பாவு நூலைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார். தன் மாலையைக் கழற்றி, அதைத் தரையில் வைக்கக் கூடாதென்று என் கழுத்தில் போட்டார். குடையைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார். மயில் ஓட்டுக்கூரையைத் தாண்டிப் பறந்தது. பாம்பு கொட்டகைக்குள் போய்விட்டது.

நான் மாலையைக் கழற்றப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுத்துல ஏறிடுச்சி. இனி கிருத்திகைக்கு மலைமேல போய்தாண்டா எறக்கணும்."

சாயங்காலம் பாவா என்னைத் திருத்தணிவரை பைக்கில் கொண்டுவந்து விட்டார். ரயிலுக்கு நேரமிருந்தது. அவர் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பிரியாணிக் கடைக்குள் நுழைந்தார். எலியைப் பாம்பு தின்னும், பாம்பை மயில் தின்னும், கோழியை நான் தின்பேன். இத்தனை நாளாக இதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

"இனி மயில நானே பாத்துக்கறேன், நீ கவலப்படாத மச்சான்" என்றார் பாவா, கோழிக்காலைக் கடித்துக்கொண்டே. எனக்கு ஒரு டீ சொன்னார்.