கண்ணாடி விளிம்பில் டோக்கன்கள்

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, கடற்கரைப் பக்கம் ஒரு வீடியோ கேம் கடையில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போனேன். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிந்தது.

கடையில் கார் ரேஸ் மிஷின் ஒன்று, பைக் ரேஸ் மிஷின் ஒன்று. காசுக்கு வாங்கிய டோக்கனை உள்ளே போட்டால்தான் மிஷின் ஆட விடும். காத்திருப்பவர்கள் மிஷினின் கண்ணாடி விளிம்பில் டோக்கனை வைத்து இடம் பிடிப்பார்கள். வைத்திக்குப்பத்துப் பிள்ளைகள் பைக் கட்சி, முத்தியால்பேட்டைப் பிள்ளைகள் கார் கட்சி.

இரண்டில் வசூல் இல்லாமல் ஓடாத மிஷினைத் திருப்பி அனுப்பப் போவதாக முதலாளி சொன்னதும் சண்டை முற்றியது.

"எங்க டோக்கன் வரிசையப் பாருடா, எம்மாம் நீளம்! ஒங்க கார எவன் சீண்டுறான்?"

"போடா, மெட்ராஸ்லயே காருதான் ஓடுது."

வரிசை குறைந்துவிடும் என்று யாரும் டோக்கனை உள்ளே போட்டு ஆடவில்லை. சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய், மறுநாள் அதையே கொண்டுவந்து வைத்தார்கள். நாலு பேர் எதிரில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஆனாலும் சொன்னேன்.

"போட்டு ஆடுங்கப்பா. மொதலாளி டோக்கன் விழுற பெட்டியத்தான் தொறந்து பாப்பாரு."

"அக்கா கார் கட்சிடா!" என்று பைக் கட்சிக்காரர்கள் சிரித்தார்கள்.

முதலாளி இரண்டு மிஷின் பெட்டியையும் திறந்தார். இரண்டிலும் அடியில் கொஞ்சம் டோக்கன்தான் கிடந்தது.

"ரெண்டுமே ஓடலம்மா. கடைய மூடிட்றேன்" என்றார்.

மிஷின்களை வேனில் ஏற்றியபோது, எதை முதலில் ஏற்றினார்கள் என்று வாசலில் அப்போதும் சண்டை.

"நீயே சொல்லுக்கா" என்றான் ஒருவன்.

நான் டோக்கன் பையை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் நடந்தேன்.