‘டி’ வரிசையில் இருந்த ஊர்

எங்கள் தெருவில் பதினாறு வீடுகள். எல்லாம் மண்சுவரும் கீற்றும், ஜன்னல் கிடையாது. நாங்கள் நடவுக்கும் அறுப்புக்கும் போய்வந்த பண்ணையின் நிலத்தில்தான் அவை இருந்தன. பண்ணை வீட்டில் பெரியவர்கள் காலமாகிவிட்டார்கள். ஒரே மகன் ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். வயலும் வீட்டுச் சாவியும் காரியஸ்தர் கையில் இருந்தன.

கூலி உயர்வு கேட்டு ஊருக்கு ஊர் வேலைநிறுத்தம் நடந்த காலம் அது. சங்கக் கொடி நட்ட தெருவைக் காலி செய்ய எந்தச் சாக்கும் போதுமாயிருந்தது. காரியஸ்தர் ஒருநாள் இரண்டு ஆட்களோடு வந்து, எங்கள் வாசல்களுக்குக் குறுக்கே கயிறு பிடித்து அளந்தார். பட்டுக்கோட்டைப் பக்கத்து வியாபாரி ஒருவர் அந்த இடத்தில் அரிசி மில் கட்டப்போவதாகச் சொன்னார்.

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று அப்போது சட்டம் வந்திருந்தது. தெருவே சேர்ந்து தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தோம். எழுதியவள் நான். எனக்குப் பத்தொன்பது வயது. தெருவில் பள்ளி இறுதி வகுப்புத் தேறியவள் நான் ஒருத்திதான். அப்பா இல்லை, அம்மாவோடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்தால்தான் விசாரணை நடக்கும், அவர் விலாசத்தை இங்கிலீஷில் எழுதித் தாருங்கள் என்றார் குமாஸ்தா. காரியஸ்தரைக் கேட்டோம். தனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டார்.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பண்ணை வீட்டில் பல வருஷம் பாத்திரம் தேய்த்தவள். மகனிடமிருந்து கடிதம் வந்தால் அந்த வீட்டம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாராம். துறைமுக ஆபீசில் கணக்கு வேலை, ஊர் தாரசலாம் என்றாள் அம்மா. நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கேட்டபடியே ‘Tharasalam, Africa’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகு என்று குமாஸ்தா சொன்னபோது பெருமையாக இருந்தது.

நாற்றங்கால் விட்டபோது போன நோட்டீஸ், நடவு முடிந்து களையெடுக்கும்போது திரும்பி வந்தது. உறை முழுக்க முத்திரைகள். அப்படி ஓர் ஊரே இல்லை என்று எழுதியிருந்தது. ஆபீசில் அதை எல்லோர் முன்னாலும் குமாஸ்தா படித்துக் காட்டினார். அங்கே நின்றிருந்த காரியஸ்தர் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதினாறு குடும்பமும் என்னை நம்பித்தானே சும்மா இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து நான் அழுதபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். அரிசி களைந்துகொண்டே, “ஊரு இல்லாமலா அங்கேருந்து லெட்டர் வந்துச்சு? எழுதுனது நீதானே, நீயே போயி விசாரி” என்றாள்.

மறுநாள் கூலியை விட்டுவிட்டுத் திருவாரூர் போனேன். கடைத்தெருவில் குடை விற்கும் பாய் ஒருவர் இருந்தார். அவர் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் கப்பலேறிப் போனவர்கள். தாரசலாம் என்று ஊர் உண்டா என்று கேட்டேன். அவர் அந்தப் பெயரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

“தாருஸ்ஸலாம்னு சொல்லுங்கம்மா. அரபி வார்த்தை. தார்னா வீடு, ஸலாம்னா அமைதி. நான் போனதில்ல. ஆனா ஊரு நிச்சயமா இருக்கு.”

இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை. தபால் ஆபீசில் வெளிநாட்டு ஊர்களுக்கென்று ஒரு புத்தகம் உண்டு, கேட்டால் காட்டுவார்கள் என்றார்.

கொடுத்தார்கள். தடிப் புத்தகம். பெஞ்சில் உட்கார்ந்து Th என்று தொடங்கும் பக்கங்களை மேலும் கீழுமாக விரலால் தேடினேன். இல்லை. பாய் சொன்னதுபோல மாற்றி எழுதிப் பார்த்தும் இல்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க எழுந்தபோது, ஜன்னலில் ஒரு பெரியவர் தில்லிக்குத் தந்தி என்றார். உள்ளே இருந்தவர் அவர் காகிதத்தில் Delhi என்று எழுதினார். நான் அப்படியே நின்றுவிட்டேன். நாம் ‘தி’ என்கிறோம், இங்கிலீஷில் D என்ற ‘டி’ எழுத்து வருகிறது. புத்தகத்தோடு மறுபடி உட்கார்ந்து D எழுத்துக்குப் போனேன்.

Dar es Salaam. ஒரே ஊர், மூன்று வார்த்தை. பக்கத்தில் Tanzania என்று நாட்டின் பெயர். அதுவும் எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து தடவை எழுதிப் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இரண்டாவது நோட்டீஸ் போனது. அதோடு நில்லாமல் அதே விலாசத்துக்கு நானும் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள், எத்தனை குழந்தைகள் என்று மட்டும். கெஞ்சி எதுவும் எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

கதிர் பழுக்கும் நேரத்தில் பதில் வந்தது, என் பெயருக்கு, நீல நிற உறையில். தெருவே கூடி நிற்க நான் படித்தேன். அந்த மனையில் யாருமே இல்லை, கருவைமுள் மண்டிக் கிடக்கிறது என்று காரியஸ்தர் அவருக்கு எழுதியிருந்தாராம். விற்பதற்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்க்காமல் மேசையில் வைத்திருந்த சமயத்தில் நோட்டீசும் என் கடிதமும் போயிருக்கின்றன. மனையை எங்களுக்கே கொடுப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று ஆபீசுக்குத் தனியாக எழுதிவிட்டதாகச் சொல்லியிருந்தார். கடைசியில், பாத்திரம் தேய்க்க வந்த அக்கா நலமா என்று கேட்டிருந்தார்.

அம்மா அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். பிறகு, “நல்லா இருக்கேன்னு எழுது” என்றாள்.

எழுதினேன். இந்தத் தடவை விலாசத்துக்குத் துண்டுக் காகிதம் தேவைப்படவில்லை.

பொங்கலுக்கு முன்பு பட்டா கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பட்டாவில் அம்மா பெயர் இருந்தது. காரியஸ்தர் அதன் பிறகு எங்கள் தெரு வழியாக வருவதை விட்டு வாய்க்கால் கரையோடு சுற்றிப் போனார். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கடிதம் போடுகிறவர்கள் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தபால் ஆபீஸ் வேலைக்கு மனுப் போடலாமா என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தேன்.

அடுத்த கோடையில் அம்மா மண்சுவரை இடித்துவிட்டுச் செங்கல் வைத்தாள். எத்தனை ஜன்னல் என்று கொத்தனார் கேட்டதற்கு, தெருப் பக்கம் ஒன்று, வயல் பக்கம் ஒன்று என்றாள்.